களமும் கல்விக்கூடமே
(சங்கத்தின் வெள்ளிவிழாவையொட்டித் தென்னேரியில் ஆற்றிய உரை)

 

இவ்விழாவில் கல்வி, வேலைவாய்ப்பு, உரிமைச் சட்டங்கள் ஆகியன பற்றி எனக்கு முன்னர்ப் பேசியோர் விளக்கமாகப் பேசினர். எனக்கு அளிக்கப்பட்ட பொருள், உயர்நிலைப்பள்ளியில் ஒரு கபடி அணியைப் பயிற்றுவிப்பது எப்படி என்பதாகும். கல்விச் சங்கத்தின் மேடையில் கபடிக்கு என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். பிள்ளை ஆடுகளத்திற்குப் போனால் படிப்புக் கெட்டுவிடும் என்று அஞ்சும் பெற்றோரும் இங்கே அமர்ந்திருக்கின்றனர். அவ்வச்சம் நியாயமானது. தலைமுறை தலைமுறையாக எழுத்து மறுக்கப்பட்ட ஒரு வீட்டில், பிள்ளை புத்தகத்தை மூடிவைத்தால் தாயின் நெஞ்சு பதறத்தான் செய்யும். அந்தப் பதற்றத்தை மதித்தே நான் பேச விரும்புகின்றேன்.

பல ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் பணியாற்றியவன் நான். உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்த காலங்களில் விசிலை நானே கையிலெடுத்து மாணவர்களைக் களத்திற்கு அழைத்துச் சென்றவன். அந்த அனுபவத்திலிருந்து நான் சொல்ல விரும்புவது ஒன்றே. அணியைப் பயிற்றுவிப்பது உடலை முறுக்கேற்றும் வேலையன்று. அது கற்பிக்கும் வேலை. கணக்கை எப்படிக் கற்பிக்கின்றோமோ அப்படிக் கற்பிக்க வேண்டியது கபடி. நம் பிள்ளைகளைப் பொறுத்தவரை இந்த உண்மை பிறரைவிட நமக்கு இருமடங்கு முதன்மையானது. ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகின்றேன்.

போட்டிகளுக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும்போதெல்லாம் ஒரு பாராட்டை நான் கேட்டதுண்டு. “உங்கள் பிள்ளைகளுக்கென்ன சார், காட்டிலும் கழனியிலும் உழைத்த உடம்பு, பிறவியிலேயே உரம்” என்பார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கும். ஒருமுறை எங்கள் அணி வென்றபோதும் இதே சொல் வந்தது. அன்று நடந்தது என்ன தெரியுமா? எங்கள் அணியில் ஒல்லியாக ஒரு மாணவன் இருந்தான். முதற்பாதி முழுவதும் அவன் எதிரணியின் சிறந்த ஆட்டக்காரனுடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் உதைக்கப் போகுமுன் ஒவ்வொரு முறையும் இடக்காலை அரையடி பின்வாங்குகின்றார் என்பதைக் கண்டுபிடித்து, இடைவேளையில் தன் தோழர்களிடம் சொன்னான். இரண்டாம் பாதியில் அந்த இடக்கால் நகர்ந்த நொடியிலேயே நம்மவர்கள் பாய்ந்தனர். வென்றது அந்த மாணவனின் கண்ணும் கருத்தும். பாராட்டுப் பெற்றதோ உரம்!

இப்பாராட்டில் ஒரு பழைய பங்கீடு ஒளிந்திருக்கின்றது. உழைப்பு உங்களுக்கு, அறிவு எங்களுக்கு என்னும் பங்கீடு அது. உடல் வலிமை உங்கள் பிறவிக்குணம் என்று ஒருவர் சொல்லும்போது, அறிவு உங்கள் பிறவிக்குணமன்று என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகின்றார். ஆகவே பயிற்சியாளரின் முதற்கடமை, இச்சொல்லைத் தம் மாணவர் நம்பாதபடி காப்பது. அவர்கள் பெற்ற ஒவ்வொரு புள்ளியும் கற்றதனால் வந்தது என்பதை அவர்களுக்கு உணர்த்திக்கொண்டே இருப்பது.

இஃது என் கற்பனை அச்சமன்று. விளையாட்டு வரலாறே இதற்குச் சான்று. பல்வங்கர் பாலு என்னும் பெயரை நம் இளைஞர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். 1876இல் பிறந்த அவர், தோல் தொழில் செய்யும் தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர். புனா நகரில் ஆங்கிலேயர்களின் கிரிக்கெட் மன்றத்தில் களத்தைச் செப்பனிடும் பணியாளாகச் சேர்ந்தார். பயிற்சிக்கு வரும் வெள்ளைக்காரத் துரைகளுக்கு மணிக்கணக்கில் பந்து வீசினார். பந்து வீச அழைத்தார்களேயன்றி மட்டையைப் பிடிக்க அவரை அவர்கள் விடவில்லை. பின்னர் இந்துக்கள் அணியில் அவரைச் சேர்த்துக்கொண்டவர்கள், களத்தில் அவர் தொட்ட பந்தைத் தாமும் தொட்டனர். ஆனால் இடைவேளையில் அவருக்கு மட்டும் அரங்கிற்கு வெளியே, தனி மண்குவளையில் தேநீர் தந்தனர். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தித் திரும்பியவர் அவர். அவ்வளவு சாதித்த பின்னரும் அணித்தலைமை அவருக்குத் தரப்படவில்லை. அவர் தம்பி விட்டல் 1923இல் இந்துக்கள் அணிக்குத் தலைமை ஏற்றபோதுதான் அந்தக் கதவு திறந்தது. பந்து வீசலாம், தலைமை தாங்கக் கூடாது என்பதே அன்றைய நியதி. அண்ணல் அம்பேத்கர் இளைஞராக இருந்தபோது பாலுவைத் தம் மக்களின் பெருமையாகக் கருதிப் போற்றினார் என்பதும் வரலாறு.

இந்நிலை நம் நாட்டில் மட்டும் இருந்ததா என்றால், இல்லை. வட அமெரிக்காவில் லக்ராஸ் என்றொரு விளையாட்டு உண்டு. நுனியில் வலை கட்டிய நீண்ட கோலால் பந்தை ஏந்தி, எறிந்து, எதிரணியின் வலைக்குள் செலுத்துவது அது. அங்கே பல உயர்நிலைப்பள்ளிகளில் இதற்கென அணிகளும் பயிற்சியாளர்களும் உண்டு. இவ்விளையாட்டைப் படைத்தவர்கள் அம்மண்ணின் பழங்குடி மக்கள். அவர்களுள் ஹாடனோசானி என்னும் மக்கள் இதனைத் தம்மைப் படைத்தவன் தந்த ஆட்டமாகவே போற்றினர். வெள்ளையர் இதனைக் கற்றுக்கொண்டு, 1867இல் கனடாவில் விதிகளை எழுதிச் சங்கமும் அமைத்தனர். பயணச் செலவுக்குப் பணம் பெற்று ஆடிய பழங்குடி வீரர்களைக் கூலிக்கு ஆடுபவர்கள் என்று முத்திரை குத்தி, 1880இல் பரிசுப் போட்டிகளிலிருந்தே விலக்கினர். கையில் காசில்லாதவன் காசு வாங்கியது குற்றமாம்! படைத்தவனுக்கே களத்தில் இடமில்லாமற் போயிற்று. அம்மக்கள் 1983இல் தமக்கெனத் தேசிய அணி அமைத்து, 1990இல் உலகப் போட்டியில் நுழைந்தனர். 2010இல் அவர்களுடைய கடவுச்சீட்டைப் பிரிட்டன் ஏற்க மறுத்ததால் மான்செஸ்டர் உலகப் போட்டியை இழந்தனர். ஆயினும் அவர்கள் கோலைக் கீழே வைக்கவில்லை. 2028ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் லக்ராஸ் இடம்பெறும் என அறிவிக்கப்பட்டபின், தம் கொடியின்கீழேயே ஆட இடம் வேண்டும் என்று கேட்டு நிற்கின்றனர். ஒரு விளையாட்டில் திறமை வேறு, அதன் விதியையும் தலைமையையும் கையில் வைத்திருப்பது வேறு என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று வேண்டுமா?

இனி, நம் கபடிக்கு வருவோம். சடுகுடு என்று நம் பாட்டன்மார் ஆடியதும் இதுவே. இது நம் மண்ணின் விளையாட்டு, நம் இரத்தத்தில் ஊறியது என்று மேடைதோறும் பேசுகின்றோம். 1990இல் பீஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் கபடி முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அன்று தொடங்கி 2014 வரை ஆடவர் பிரிவில் ஏழு முறையும் தங்கம் இந்தியாவுக்கே. மகளிர் பிரிவு சேர்க்கப்பட்ட 2010, 2014 ஆகிய இரு முறையும் அவ்வாறே. 2018இல் ஜகார்த்தாவில் என்ன நிகழ்ந்தது? ஆடவர் அரையிறுதியில் ஈரானிடம் தோற்றனர். மகளிர் இறுதிப் போட்டியில் ஈரான் 27, இந்தியா 24. ஈரானிய மகளிரின் இரத்தத்தில் கபடி ஊறியிருந்ததா? இல்லை. அவர்களைப் பயிற்றுவித்தவர் நாசிக் நகரைச் சேர்ந்த சைலஜா ஜெயின் என்னும் இந்தியப் பெண்மணி. கற்றுக்கொடுக்க ஒருவர் இருந்தார், கற்றுக்கொள்ள ஓர் அணி இருந்தது, தங்கம் கிடைத்தது. பிறவிப் பெருமை பேசியவர்கள் அன்று பாடம் படித்தனர். இந்திய அணிகள் இரண்டும் தங்கத்தை மீட்க 2023இல் நடந்த ஹாங்சோ போட்டி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

எனவே, இரத்தம் ஆடுவதில்லை, பயிற்சியே ஆடுகின்றது. அப்பயிற்சியை ஒரு சாதாரண அரசுப் பள்ளியில் எப்படி அளிப்பது என்பதை என் அனுபவ அளவில் சொல்கின்றேன். நாளை உங்களுள் சிலர் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தர முன்வருவீர்கள் என்னும் நம்பிக்கையோடு சொல்கின்றேன்.

முதலாவது, களம். ஆடவர்க்கு 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும், மகளிர்க்கு 12 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உள்ள இடம் போதும். விலையுயர்ந்த விரிப்பு இல்லையென்று காத்திருக்க வேண்டா. மண்ணைக் கொத்திக் கல்லும் கண்ணாடியும் பொறுக்கி, சலித்த மண்ணைப் பரப்பி, மாலைதோறும் நீர் தெளித்தால் களம் ஆயிற்று. இவ்வேலையை மாணவர் அனைவரும் முறைவைத்துச் செய்ய வேண்டும். ஒரு குறிப்பிட்ட தெருப்பிள்ளைகள் மட்டும் மண் கொத்துவது, மற்றவர் ஆட வருவது என்னும் நிலை ஒருநாளும் வரலாகாது. அது பாலுவைக் களம் செப்பனிட வைத்த அதே நியதியாகிவிடும். தென்னேரி ஏரி நிரம்பும் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் களம் சேறாகிவிடும். அப்போது பள்ளித் தாழ்வாரத்தில் மூச்சுப்பயிற்சியும் காலடிப் பயிற்சியும் நடத்தலாம். மழை விட்டபின் ஏரிக்கரையைவிட நல்ல ஓடுபாதை நமக்கு வேறெங்கே கிடைக்கும்?

இரண்டாவது, விழக் கற்பித்தல். புதிதாக வரும் மாணவனை முதல் நாளே ஆட்டத்தில் இறக்கிவிடுவது பெருந்தீங்கு. முழங்காலும் கணுக்காலும் ஒருமுறை பிசகினால் அவன் விளையாட்டு மட்டுமன்று, நாளைய பிழைப்பும் பாதிக்கும். கூலி வேலை செய்யும் குடும்பத்தில் அடிபட்ட காலுக்கு வைத்தியம் பார்க்கக் காசு எங்கிருந்து வரும்? ஆகவே முதல் மாதம் போட்டியே கிடையாது. ஓட்டம், குனிந்து நிற்றல், திடீரெனத் திசை மாறுதல், தோள்பட்டையில் உருண்டு விழுந்து எழுதல் ஆகியவை மட்டுமே. கைந்நகம் ஒட்ட வெட்டப்பட்டிருக்கின்றதா என்று நாள்தோறும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ஆட்டத்தின் கணக்கு. பாடிச் செல்பவருக்கு 30 நொடிகளே உண்டு. எதிரணியில் ஆறு பேரோ எழுவரோ இருந்தால்தான் போனஸ் கோட்டைத் தாண்டியதற்குப் புள்ளி. எதிரணி முழுவதையும் வெளியேற்றினால் கூடுதலாக 2 புள்ளிகள். நாம் எத்தனை பேர் உள்ளே இருக்கின்றோம், அவர்கள் எத்தனை பேர், நேரம் எவ்வளவு எஞ்சியுள்ளது, இப்போது தொட முயல்வதா, தொடாமல் திரும்புவதா? ஒவ்வொரு முறை கோட்டைத் தாண்டும்போதும் பிள்ளை இக்கணக்கைப் போட்டாக வேண்டும். நான் கரும்பலகையைக் களத்தருகே தூக்கி வரச் செய்து, வட்டங்கள் வரைந்து, “இந்த நிலையில் நீ என்ன செய்வாய்?” என்று ஒவ்வொருவரையும் கேட்பதுண்டு. வகுப்பில் வாய் திறவாத பிள்ளைகள் களத்தில் எழுந்து நின்று காரணம் சொல்வார்கள். காரணம் சொல்லப் பழகிய வாய், பின்னர் வகுப்பறையிலும் திறக்கும். இதை நான் பலமுறை கண்டிருக்கின்றேன்.

நான்காவது, சேர்ந்து பிடித்தல். கணுக்கால் பிடி, தொடைப்பிடி, இடுப்புப்பிடி எனத் தனிப் பிடிகள் பல உண்டு. எனினும் அணியை அணியாக்குவது கைகோத்து வளைக்கும் சங்கிலிப் பிடியே. காஞ்சிப் பட்டில் உடலையும் கரையையும் இணைக்கும் கோர்வை வேலைக்குத் தறியில் இருவர் வேண்டும். ஒருவர் தவறினாலும் இணைப்புப் பிரிந்துவிடும். சங்கிலியும் அத்தகையதே. ஒரு கை தயங்கினால் எழுவரும் தோற்பர்.

இவ்விடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகின்றேன். கபடி தொடுதலால் நடக்கும் விளையாட்டு. தொட்டால்தான் புள்ளி, பிடித்தால்தான் வெற்றி. தொட்டால் தீட்டு என்று நம்மை ஒதுக்கிய ஒரு சமூகத்தில், தொடாமல் ஆடவே முடியாத ஒரு விளையாட்டைப் பள்ளிப் பிள்ளைகள் சேர்ந்து ஆடுகின்றார்கள் என்றால், அதன் பொருளைப் பயிற்சியாளர் உணர்ந்திருக்க வேண்டாமா? ஊரிலிருந்து வரும் பிள்ளையும் சேரியிலிருந்து வரும் பிள்ளையும் கைகோத்து நிற்கும்போது, எந்தக் கை தயங்குகின்றது என்பதை முதலில் பார்ப்பவர் அவர்தாம். திட்டுவதாலும் அறிவுரையாலும் அத்தயக்கம் போய்விடாது. அவ்விருவரையும் சங்கிலியில் அடுத்தடுத்து நிறுத்தி, நாள்தோறும் ஆட வைப்பதே வழி. ஒரே குடத்து நீர், ஒரே குவளை, ஒரே இடத்தில் அமர்ந்து உண்ணும் வேர்க்கடலையும் முட்டையும் கேழ்வரகுக் கூழும் அந்தப் பாடத்தின் தொடர்ச்சி. களத்தில் கைகோத்துவிட்டு வெளியே குவளை பிரிந்தால், பாலு குடித்த மண்குவளையை நாமே எடுத்துக் கொடுத்தவர்கள் ஆவோம்.

தலைமையும் அப்படியே. அணித்தலைவரைப் பயிற்சியாளர் முதல் நாளே குறித்துவிடக் கூடாது. பயிற்சிக் காலத்தில் வாரம் ஒருவராக எல்லோரும் தலைமை ஏற்க வேண்டும். யாரை மாற்றுவது, எப்போது இடைவேளை கேட்பது, நடுவரிடம் எப்படி மரியாதையோடு முறையிடுவது என்பவற்றை அவர்களே முடிவு செய்ய வேண்டும். நம் பிள்ளைகளுக்கு ஓடவும் பிடிக்கவும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பது உலகின் எண்ணம். முடிவெடுக்கவும் பிறரை வழிநடத்தவும் நாம் கற்றுத்தர வேண்டும்.

அன்பர்களே, விளையாட்டைப் பற்றி இனிப்பாக மட்டுமே பேசிவிட்டுச் செல்ல நான் வரவில்லை. 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில், தேர்வெழுதப் பேருந்தில் சென்றுகொண்டிருந்த தாழ்த்தப்பட்ட சமூக மாணவர் ஒருவரைச் சிலர் வழிமறித்து வெட்டினர். அவருடைய கைவிரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் அவர் அணி வென்றதே காரணம் என்று குடும்பத்தார் கூறினர். எழுதப் போன கையை வெட்டியிருக்கின்றார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். அதற்கு முன் 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நிகழ்ந்ததும் நாமறிவோம். அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறும் மோதிரமும் மாணவர் அணியக்கூடாது என்று பரிந்துரைத்தது. கபடி விதியோ நெடுங்காலமாகவே நகைகளை அணிந்து களமிறங்கத் தடை விதித்திருக்கின்றது. பயிற்சியாளர் இவ்விதியைக் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தினால், கையிலுள்ள கயிறு களத்தின் வாசலிலேயே கழன்றுவிடும். கயிற்றைக் கழற்றுவது நம் பிள்ளைகளுக்கும் பொருந்தும். அணிக்குச் சாதிப் பெயர் வேண்டா. வென்றபின் எதிரணியின் தெருவழியே பறையடித்துப் போக வேண்டா. இது பணிந்து போவதற்காகச் சொல்வதன்று. வெற்றி நம் உரிமை. அதனை எவர்க்கும் அஞ்சி விட்டுக்கொடுக்க மாட்டோம். ஆனால் பிள்ளைகளை வீடு கொண்டு சேர்க்கும் வரை பயிற்சியாளரின் ஆட்டம் முடிவதில்லை. மாணவர் அனைவரும் பாதுகாப்பாக ஊர் திரும்பப் பெரியவர்கள் உடன் செல்ல வேண்டும். மிரட்டல் எதுவரினும் அன்றே எழுத்து மூலம் தலைமையாசிரியருக்கும் காவல்துறைக்கும் தெரிவிக்க வேண்டும்.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்திய மகளிர் கபடி அணி ஈரானை 75–21 எனத் தோற்கடித்துத் தங்கம் வென்றது. அவ்வணியின் துணைத்தலைவி கார்த்திகா, சென்னை கண்ணகி நகரைச் சேர்ந்தவர். நகரின் குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டவர்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம் அது. அந்த முகவரியைச் சொன்னாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. இன்று அதே முகவரி பெருமையாயிற்று. இதற்குமுன் மணத்தி என்னும் சிற்றூரிலிருந்து புறப்பட்டு, 1994இல் ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடி, 1995ஆம் ஆண்டின் அர்ச்சுனா விருது பெற்ற கணேசனை நாம் அறிவோம். மணத்தியால் முடிந்தது, கண்ணகி நகரால் முடிந்தது என்றால் தென்னேரியால் முடியாதா?

ஆனால் பெண்ணைக் களத்திற்கு அனுப்பத் தாய்க்குத் துணிவு வர வேண்டுமானால், சில ஏற்பாடுகள் வேண்டும். பயிற்சி இருட்டுவதற்குள் முடிய வேண்டும். களத்தருகே கதவுள்ள கழிப்பறையும் உடைமாற்ற ஓர் அறையும் இருக்க வேண்டும். வெளியூர்ப் போட்டிக்கு ஆசிரியையோ ஒரு தாயோ உடன் செல்ல வேண்டும். மாதவிலக்கு நாளில் ஓய்வு கேட்கப் பிள்ளை கூசாத நிலை வேண்டும். இவை இல்லாத இடத்தில் பெண்களுக்கு ஆர்வமில்லை என்று சொல்வது பொய். ஆர்வம் இருந்தது, வசதிதான் இல்லை. அணியில் ஆடும் பெண் எளிதில் பள்ளியை விட்டு நிற்பதில்லை. பதினாறு வயதில் திருமணப் பேச்சு எழும்போது, “எனக்கு அடுத்த மாதம் மாவட்டப் போட்டி இருக்கிறது” என்று சொல்லும் துணிவு அவளுக்கு வந்துவிடுகின்றது. அந்த ஒரு மாதம் ஓர் ஆண்டாகி, அவள் மேல்நிலைத் தேர்வையும் எழுதிவிடுகின்றாள்.

படிப்பைப் பற்றிப் பெற்றோர் கேட்கும் கேள்விக்கு இப்போது விடை சொல்கின்றேன். பயிற்சிக்கும் பாடத்திற்கும் பகை இல்லை. திட்டமில்லாத பயிற்சிக்கும் பாடத்திற்கும்தான் பகை. மாலையில் ஒரு மணி நேரம் பயிற்சி, அதன்பின் கை கால் கழுவி ஒரு மணி நேரம் கூட்டுப் படிப்பு. இரண்டும் ஒரே ஏற்பாட்டின் இரு பகுதிகள். பள்ளிக்கு வராத நாளில் களத்திலும் இடமில்லை. மதிப்பெண் குறைந்துவிட்டது என்பதற்காக அணியிலிருந்து நீக்குவதும் கூடாது. அப்படி நீக்கப்பட்ட பிள்ளை புத்தகத்திடம் திரும்புவதில்லை, தெருமுனைக்குத்தான் போகின்றான். அல்லது ஒரகடம் செல்லும் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிவிடுகின்றான். தமிழக அரசு வேலைகளில் சிறந்த விளையாட்டு வீரர்க்கு 3 விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டிருக்கின்றது. அந்த வேலைக்கும் கல்வித் தகுதி கேட்பார்கள் என்பதைப் பிள்ளைகள் மறக்கலாகாது. கோப்பை வென்ற கையில் தேர்ச்சிச் சான்றிதழும் இருந்தால்தான் அது பயன்படும்.

இறுதியாகக் கபடியின் ஒரு விதியை நினைவூட்டுகின்றேன். இதில் ஆட்டமிழந்தவர் வெளியே போய்விட்டதோடு முடிந்துவிடுவதில்லை. உள்ளே இருக்கும் தோழர் ஒரு புள்ளி எடுத்தால், வெளியே இருப்பவருள் ஒருவர் வரிசைப்படி மீண்டும் உள்ளே வருகின்றார். ஒருவர் பெறும் புள்ளி அவருக்கு மட்டும் உரியதன்று. வெளியே நிற்கும் ஒருவருக்கு அது வாழ்வு. வெளியே அமர்ந்திருப்பவரும் ஆட்டத்தை மறந்து எழுந்து போய்விடக் கூடாது; தம் முறை வரும் என்று விழிப்போடு காத்திருக்க வேண்டும்.

நம் சமூகத்தில் படித்து வேலைக்குச் சென்றவர்கள் உள்ளே நின்று ஆடுபவர்கள். ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் நின்றுபோன பிள்ளைகள் கோட்டுக்கு வெளியே அமர்ந்திருப்பவர்கள். உள்ளே இருப்பவர் எடுக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் வெளியே இருக்கும் ஒருவரை அழைத்துக்கொண்டோமா? சங்கத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு இதுவே கேள்வியாக இருக்கட்டும்.

அதன்பொருட்டு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றேன். ஒன்று: சங்கம் நடத்தும் மாலை நேர வகுப்போடு ஒரு மாலைநேரக் களமும் தொடங்க வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும், எல்லாத் தெருப் பிள்ளைகளுக்கும் அது பொதுவாக இருக்க வேண்டும். நம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனார், பொதுவழியும் பொதுக்கிணறும் எல்லார்க்கும் உரியவை என்று 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். பொதுவழி நடக்க மட்டுமன்று. பொதுக்களம் ஆடவும் நமக்கு உரிமை உண்டு. இரண்டு: வேலையிலுள்ள இளைஞர்கள் வாரத்தில் ஒரு மாலையை அக்களத்திற்குத் தர வேண்டும். சென்னையில் 1920இல் தொடங்கப்பட்ட ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி போன்ற இடங்களில் நம் பிள்ளைகள் முறையாகப் படித்து, பயிற்சியாளராகவும் நடுவராகவும் வர வேண்டும். விசிலும் நம் கைக்கு வர வேண்டும். மூன்று: பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளின் பெயர்களை இவ்வாண்டே ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். களத்திற்கு வரும் ஒவ்வொரு பிள்ளையையும் தேர்வுக்கு விண்ணப்பிக்கச் செய்யும் வரை அப்பதிவேட்டை மூடக்கூடாது.

இப்பதிவேட்டின் முதல் ஏட்டை எழுத நான் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை சங்கக் கட்டடத்தில் இருப்பேன். ஒரு பேனாவும் ஒரு மண்வெட்டியும் கொண்டுவருவேன். இளைஞர்கள் உடன் வருமாறு அழைத்து அமர்கின்றேன்.